பாதம் வைத்த எழுத்து

எனக்குப் பிடித்த எழுத்து என்று ஒன்று உண்டு. வாசிக்கப் பிடித்தது என்று சொல்லவில்லை, பார்க்கப் பிடித்தது. இங்கிலீஷ் எழுத்து. அதிலும் எல்லா இங்கிலீஷ் எழுத்தும் இல்லை. உடம்பு கனத்து, அகலமாக, ஒவ்வொரு காலுக்கும் கீழே தட்டையாக ஒரு பாதம் வைத்து நிற்குமே, அந்த எழுத்து. பழைய தேயிலைப் பெட்டியில், கோதுமை மாவு மூட்டையில், ஹட்டன் டவுனில் ஒட்டியிருக்கும் படக்கொட்டகை நோட்டீஸின் மேல் வரியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்து, வாசித்து, போயிருப்பீர்கள். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் குறை. அர்த்தம் வந்த உடனே எழுத்தைக் கைவிட்டுவிடுவார்கள். எனக்கு அர்த்தம் வராததால் எழுத்து முழுசாகக் கிடைத்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் யாரும் ஒரு எழுத்தும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில், நோர்வூட் பக்கத்து எங்கள் தோட்டத்தில், நான் இங்கிலீஷ் எழுத்துப் போட்ட அளவுக்குத் துரைகூடப் போட்டிருக்க மாட்டார். அவர் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். நான் பெட்டி பெட்டியாகப் போட்டேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அதுவரை நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவளும்கூட. ஒரு ஆடி மழையில் மூன்றாம் நம்பர் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. எண்ணெய் போட்டு நீவி, கட்டுப் போட்டு, வீக்கம் வற்றியது. ஆனால் ஏற்றத்தில் காலை ஊன்றினால் முழங்கால் தனியாகக் கழன்று போகிற மாதிரி இருக்கும். சமதரையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் தோட்டத்தில் சமதரை என்று இருந்ததே இரண்டு இடம்தான். ஒன்று கோயில் முற்றம், மற்றது ஸ்டோர். தேயிலை அரைக்கிற ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். கோயில் முற்றத்தில் சம்பளம் கொடுப்பாரில்லை. அதனால் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தேன்.

ஸ்டோருக்குள் ராஜா டீமேக்கர் ஐயா. காக்கிக் கால்சட்டை, நீளக் காலுறை, காதுக்கு மேலே ஒரு பென்சில். தேயிலையை முகர்ந்து பார்த்தே இலை எந்த மலையில் இருந்து வந்தது என்று சொல்லுவார். அந்த மூக்கு அவருக்கு மனிதர்களிடத்திலும் வேலை செய்யும் என்ற நினைப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தூள் கட்டுகிற அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். பலகைகளைச் சேர்த்து, ஓரத்துக்குத் தகரப் பட்டி வைத்துப் பெட்டி அடிப்பவர் பாஸ். தச்சு வேலைக்காரரைப் பாஸ் என்பது இங்கே வழக்கம். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருந்து நடந்து வருவார். பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்துத் தூளை நிரப்புகிறவள் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நாக்கு மட்டும் இருபது வயது மூத்தது. மூடி ஆணியடித்த பெட்டியின் முகத்தில் எழுத்துப் போடுவது என் வேலை.

எழுத்துப் போடுவது என்றால் இதுதான். நாகத் தகட்டில் எழுத்தை வெட்டி எடுத்திருப்பார்கள். தகட்டில் எழுத்து என்பது வெறும் ஓட்டை. அதைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்து, நுனி மொட்டையான உருண்டைப் பிரஷ்ஷைக் கறுப்பு மையில் தொட்டு, குத்திக் குத்தி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் மை தகட்டுக்கு அடியில் பதுங்கிவிடும். தகட்டை எடுத்தால் ஓட்டை எழுத்தாகிப் பலகையில் நிற்கும். எங்களிடம் இரண்டு தகடுகள் இருந்தன. ஒன்றில் தோட்டத்தின் பேர். இன்னொன்றில் தூளின் தரம், மூன்றே எழுத்து, பி.ஓ.பி. என்று டீமேக்கர் ஐயா சொல்லுவார். எங்கள் தூளில் நல்ல தூள் அது.

ஐயா அப்படிச் சொல்லட்டும். நாங்கள் வேறு பேர் வைத்திருந்தோம். முதல் எழுத்து ரெட்டைப் பிள்ளைத்தாச்சி. நிமிர்ந்த முதுகு, முன்னால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வயிறு, கீழ் வயிறு கொஞ்சம் பெரிசு. நடு எழுத்து பூசணிக்காய். இரண்டு பக்கமும் புடைத்து, நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைக் கீற்று. கடைசி எழுத்து தலைப்பாக்கட்டுக் கங்காணி. கனமெல்லாம் மேலே, நிற்பது ஒற்றைக் காலில். ஆனாலும் விழமாட்டார், பாதம் அப்படி அகலம். தோட்டத்துப் பேரிலும் குடை உண்டு, சீப்பு உண்டு, ரத்தம் குடித்து வளைந்து கிடக்கிற அட்டை உண்டு, காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவள் உண்டு. இத்தனை பேரோடு வேலை செய்தால் பொழுது போவதற்குக் கேட்கவா வேண்டும்.

இந்த எழுத்துக்கு ஏன் இவ்வளவு சதை என்று ஒருநாள் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

“இது எங்க போற பெட்டி தெரியுமா? லாரியில ஹட்டனுக்கு, அங்கேருந்து ரயில்ல கொழும்புக்கு, அங்கேருந்து கப்பல்ல. போற வழியெல்லாம் உரசும், இடிக்கும், உருட்டுவான். மெலிஞ்ச எழுத்துன்னா நாவலப்பிட்டி தாண்டுறதுக்குள்ள அழிஞ்சிரும். கப்பலுக்கு அடியில இருட்டு வேற. அங்கயும் தெரியணும்.”

“அப்ப சாப்பிட்ட உடம்புதான் நெலைக்கும்னு சொல்லுங்க,” என்றாள் அக்கா. அவள் உடம்பு அப்படி.

ஐயா சொன்னது பாதி. மீதியைக் கை சொல்லித் தந்தது. மூன்று எழுத்தும் அகலமாக இருப்பதால் பெட்டியின் முகத்தை ஓரத்தில் இருந்து ஓரம் வரைக்கும் பிடித்துக்கொள்ளும். ஒல்லி எழுத்தாக இருந்தால் பெரிய வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிற மாதிரி வெறிச்சென்று இருக்கும். பலகையில் வெடிப்பு, முடிச்சு இருந்தால் தடித்த உடம்பு அதை மறைத்துவிடும். பாதங்கள் தட்டையாக ஒரே மட்டத்தில் இருப்பதால், கீழ்த் தகரப் பட்டியை ஒட்டித் தகட்டை வைத்தால் போதும், எழுத்து சரியாது. சரிவில் நின்று வேலை செய்தவளுக்குப் பாதத்தின் அருமை தெரியும்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. மை குடிக்கும். வடிவாகக் குடிக்கும். இன்னொரு குறை, இவ்வளவு சதையோடு இருக்கிற அதே எழுத்தில் சில இடம் தலைமயிர் போல மெல்லிசு. பிள்ளைத்தாச்சியின் வயிறு முதுகோடு சேர்கிற இடம், பூசணிக்காயின் உச்சி, அடி, பாதத்தின் ஓரங்கள். அங்கே தகட்டில் ஓட்டை ஊசி போகிற அளவுதான். அதில் மை காய்ந்துவிடாமல் ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். நான் பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரித் துடைப்பேன். என்னிடம் வந்த பிறகு அந்தத் தகட்டில் ஒரு கீற்று அடைத்ததில்லை. நானே அடைக்கிற வரைக்கும்.

அது ஆயுத பூசை வந்த வருஷம். ஆயுத பூசை வருஷா வருஷம் வரும், ஆனால் நான் ஸ்டோரில் இருந்த முதல் ஆயுத பூசை அது. அன்று மத்தியானத்தோடு எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். எஞ்சினுக்கு மாலை, ரோலருக்குச் சந்தனம், சல்லடைக்குக் குங்குமம், வாசலில் பூசணிக்காய் உடைப்பு. பாஸ் பௌத்தர், ஆனால் அவருடைய சுத்தியலையும் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுக் கொண்டைக்கடலைக்கு நிற்பார். எங்கள் அறைக்கு அக்காவின் தராசு இருந்தது, பாஸின் சுத்தியல் இருந்தது. என் ஆயுதம் தகடு. தோட்டத்துப் பேர் போட்ட தகடு மையும் அழுக்குமாக இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு, தரம் போடுகிற தகட்டைத் துடைத்துத் தட்டில் வைத்தேன்.

வைத்தவள் சும்மா இருந்தேனா? பெருமை. மற்றவர்கள் ஒரு பொட்டு வைத்தால் நான் ஒன்பது பொட்டு. கங்காணிக்கு நெற்றி இருக்கிறதே என்று விபூதிப் பட்டை. பிள்ளைத்தாச்சிக்கு வளைகாப்பு மாதிரி வயிறு முழுக்கச் சந்தனம். கெட்டிச் சந்தனம், கையால் அழுத்திப் பூசினேன்.

“போதும்டி, தகட்டுக்குக் கல்யாணமா நடக்குது?” என்றாள் அக்கா.

“ஒங்க தராசு மொட்டையா நிக்குதுல்ல, அந்தப் பொறாமை ஒங்களுக்கு,” என்றேன்.

மறுநாள் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலை நாற்பது பெட்டி ஏற்ற வேண்டும், மத்தியானம் இரண்டு மணிக்கு லாரி. மேல் மேலாகச் சந்தனத்தைத் தட்டிவிட்டு, குங்குமத்தை ஊதிவிட்டு, மையைத் தொட்டுக் குத்த ஆரம்பித்தேன். முதல் பெட்டியில் இருந்து தகட்டை எடுத்தேன். எடுத்ததும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அடியே, ஒன் பிள்ளைத்தாச்சி பெத்துட்டா போல இருக்கு!”

முதுகு தனியாக நின்றது. இரண்டு வயிறும் கழன்று இரண்டு கறுப்புக் கட்டியாகப் பக்கத்தில் கிடந்தன. பூசணிக்காய் இரண்டு பிளவு. கங்காணிக்குப் பாதமே இல்லை. மெல்லிய கீற்றுக்குள் எல்லாம் சந்தனம் போய் இரண்டு நாளில் சிமெந்தாக இறுகியிருந்தது. தடித்த எழுத்தின் சதையெல்லாம் இருக்கிறது, சதையைச் சேர்த்துப் பிடித்த நரம்பு மட்டும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த எழுத்தின் உயிர் அதன் கனத்தில் இல்லை, அந்த மயிர்க்கீற்றில் இருக்கிறது என்று. விளங்கி என்ன செய்ய? நாற்பது பெட்டி நிற்கிறது.

வெந்நீர் ஊற்றினேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். போகவில்லை. கொண்டையில் இருந்து ஊசியை உருவிக் குத்தினேன். சந்தனம் உதிர உதிர எனக்கும் தைரியம் வந்தது. பூசணிக்காயின் நடுக்கீற்று விழாமல் இருப்பதற்காக மேலேயும் கீழேயும் சின்னதாக ஒரு பாலம் விட்டிருப்பார்கள், அது எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது. பழைய தகடு, பாலம் சிகரெட் பெட்டித் தகரம்போல மெலிந்து போயிருந்தது. ஊசி பட்டதும் ‘ட்ரிங்’ என்று அந்த நடுத்துண்டு, பூசணிக்காயின் விதை, தரையில் விழுந்தது. பிள்ளைத்தாச்சியின் பாலத்தையும் பார்த்தேன். பார்க்கும்போதே அதுவும் விழுந்தது.

“புடிங்கக்கா, விதைய நடுவுல வெரலால புடிங்க. நான் குத்துறேன்.”

அக்கா பிடித்தாள். பிரஷ் பட்டதும் விதை நழுவிற்று. எடுத்துப் பார்த்தால் பூசணிக்காய் ஓரக்கண்ணால் பார்க்கிறது.

“மாப்பிள்ளை பாக்க வந்த பொண்ணு மாதிரி இருக்குடி,” என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் டீமேக்கர் ஐயா நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெட்டியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். தகட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார்.

“சந்தனம்,” என்றார்.

“ஆமாங்க ஐயா. பூசைக்கு…”

“புதுத் தகடு கொழும்புல இருந்து வரணும். பத்து நாள் ஆகும். எழுத்து இல்லாத பெட்டிய ஸ்டேஷன்லயே தொடமாட்டான். தொரைக்கு நான் என்ன சொல்றது? எங்க புள்ளைங்க சாமி கும்பிட்டாங்கன்னு சொல்லவா?” குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயம். “நீ நாளையில இருந்து மலைக்குப் போயிரு.”

மலைக்குப் போவது என்றால் என்ன என்று எனக்குத்தான் தெரியும். முழங்காலை வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறினால் மற்றவர்கள் கூடை நிறைக்கும் நேரத்தில் என் கூடையின் அடிதான் மூடும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள், முழு நாள் நின்றதற்குப் பாதி நாள். அதுகூடப் பெரிசில்லை. கெட்டிக்காரி என்று சொன்ன வாயெல்லாம் ‘பாவம்’ என்று சொல்லும். அந்தச் சொல்லை என் தலையில் யாரும் வைக்க நான் விட்டதில்லை.

“ஐயா, நான் கையால போடுறேன்,” என்றேன்.

“எதை?”

“எழுத்தைங்க.”

“ஒனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியுமா?”

“எழுதத் தெரியாதுங்க. இது மூணும் போடத் தெரியும்.”

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு காதில் இருந்த பென்சிலை எடுத்து, கெட்டுப்போன பெட்டியின் பின்பக்கத்தில் தானே நடு எழுத்தை வரைந்து, பிரஷ்ஷை வாங்கித் தடவினார். படித்த மனிதர் என்ன செய்வார்? சுற்றிலும் ஒரே கனமாகப் போட்டார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா போட்டது லாரி டயர் மாதிரி இருக்குங்க.”

“ரெண்டு பக்கமும்தாங்க கனம்,” என்றேன் நான். “உச்சியிலயும் அடியிலயும் மயிர் மாதிரி வரணும். நடுக்கண்ணு வட்டமா இருக்காதுங்க, நெட்டுக்குத்தா இருக்கும். புளியங்கொட்டைய நிறுத்தி வச்ச மாதிரி.”

ஐயா பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு, “ஒரு பெட்டி போடு, பாப்போம்,” என்றார்.

பாஸ் தன் சாமான் பெட்டியைத் திறந்து தட்டையான பிரஷ் ஒன்றை எடுத்துத் தந்தார். சுண்ணாம்பு தடவிய நூலையும் எடுத்தார். “நங்கி, அடியில கோடு. பாதம் அங்கதான்,” என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. நூலை இழுத்துச் சுண்டினார், பெட்டியின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது.

நான் பாதத்தில் இருந்து ஆரம்பித்தேன். படித்தவர்கள் எழுத்தை மேலே இருந்து எழுதுவார்களாம். நான் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்தேன். பிள்ளைத்தாச்சிக்கும் கங்காணிக்கும் பாதத்தைக் கோட்டின் மேல் வைத்து, பூசணிக்காயின் அடி படுகிற இடத்தில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டு, பாதத்தின் மேல் முதுகுகளை நிறுத்தினேன். பிறகு வயிறு. வயிறு போடும்போது கையை அழுத்த வேண்டும், சேர்கிற இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கையை லேசாக்க வேண்டும். மூச்சு விட்டால் கீற்று தடித்துவிடும். எத்தனை பெட்டியில் குத்தியிருக்கிறேன்! ஒவ்வொரு வளைவும் எவ்வளவு மை குடிக்கும் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கை போய் அங்கே நின்றது.

முதல் பெட்டி முடிந்தது. ஐயா கிட்டே வந்து குனிந்தார்.

“இங்க ஏன் வெட்டு விட்டிருக்க? பூசணிக்கா உச்சியில, வயித்துல, இங்கயெல்லாம்?”

அவரும் பூசணிக்காய் என்றுதான் சொன்னார். கோபத்தில் வாய் தவறிவிட்டது.

“அது எழுத்துல உள்ளதுதானேங்க ஐயா.”

“எழுத்துல இல்ல புள்ள. தகடு கழண்டு விழாம இருக்கிறதுக்கு விடுற பாலம் அது. எழுத்துன்னா முழுசா சேர்ந்துதான் இருக்கும்.”

நான் நம்பவில்லை. நான் பார்த்த எழுத்து எல்லாம் தகட்டு எழுத்து. பிள்ளைத்தாச்சியின் முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அந்த வெட்டு இருக்கும், பூசணிக்காய் உச்சியில் நெற்றிப்பொட்டு அளவுக்கு ஒரு இடைவெளி இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மாவு மூட்டையிலும் அப்படித்தான் இருந்தது. நோட்டீஸில் முழுசாக இருந்தால், அச்சடித்தவன் மையை அதிகம் போட்டு இழுகிவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“சரிங்க, அடைச்சிர்றேன்,” என்று பிரஷ்ஷைக் கொண்டுபோனேன்.

“இரு!” ஐயா என் கையைத் தடுத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு வாசல் வரைக்கும் போய் அங்கிருந்து பார்த்தார். பழைய பெட்டி ஒன்று அறை மூலையில் இருந்தது, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். “அடைக்காத. அப்படியே விடு. அடைச்சா கையால போட்டதுன்னு தெரியும். கையால போட்ட பெட்டிய கொழும்புல ஒதுக்கி வச்சிருவான், எவனோ வழியில மாத்திட்டான்னு. இது தகட்டுல போட்ட மாதிரியே இருக்கு.”

“வெட்டோடயே போடவாங்க?”

“வெட்டோட போடு. எல்லாத்தையும்.”

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அக்கா இருந்தாளே. பதினைந்தாவது பெட்டியில் “கங்காணிக்கு இன்னைக்குத் தலைப்பா பெருத்துப் போச்சு” என்றாள். பார்த்தால் பெருத்துத்தான் போயிருந்தது. துணியால் ஒற்றி எடுத்துச் சரி செய்தேன். இருபதாவதில் “குந்துடி, ஒரு வாய் தேத்தண்ணி குடி” என்று கொண்டுவந்தாள். குடிக்கவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்தால் எழும்ப நேரமாகும். பாஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் போய் நூலைச் சுண்டிச் சுண்டி வைத்தார். தோட்டத்துப் பேர்த் தகட்டை அக்காவே பிடித்துக் குத்தினாள். குடை கொஞ்சம் கோணலாக விழுந்தது, அது அவள் கணக்கு.

கடைசிப் பெட்டியில் மை ஈரம் காயாமல் இருக்கும்போதே லாரி வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால், யாரும் எதிர்பார்க்காமல், துரையும் வந்துவிட்டார்.

பெரிய துரை வெள்ளைக்காரர். கையில் எப்போதும் ஒரு பிரம்பு. அடிக்க இல்லை, எதையாவது தொட்டுக்காட்ட. ஏற்றுகிற பெட்டி வரிசையில் நடந்தவர் ஒரு இடத்தில் நின்றார். பிரம்பு நுனியைப் பூசணிக்காய் உச்சியில் இருந்த வெட்டில் வைத்தார். இன்னொரு பெட்டிக்குப் போய் அங்கேயும் வைத்தார். ஐயாவிடம் ஏதோ கேட்டார். ஐயா ஏதோ நீளமாகச் சொன்னார். இரண்டு பேரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். முழங்கை வரைக்கும் கறுப்பு. முகத்திலும் இருந்திருக்கும். நான் கையைச் சேலைக்குள் மறைக்கவில்லை. என்ன குற்றம் செய்தேன், மறைப்பதற்கு? துரை ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். பெட்டிகளும் போயின.

“தொர என்ன சொன்னாங்க ஐயா?” என்று கேட்டேன்.

“எடத்தைக் கூட்டித் துப்புரவாக்கு,” என்றார் ஐயா. அது துரை சொன்னதா, அவர் சொன்னதா என்று தெரியவில்லை. மலைக்குப் போகவேண்டாம் என்று அவர் சொல்லவும் இல்லை. கூட்டித் துப்புரவாக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடியக் கூடையை எடுத்துத் தலையில் கயிற்றை மாட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயாகிட்டப் போய் ஒரு தடவை கேட்டுப் பாரேன்,” என்றார். கேட்கிற ஆளா நான்? வேலையைச் செய்து காட்டியாயிற்று. அதற்கு மேல் வாயால் கேட்டு வாங்குவது எனக்கு ஒத்துவராது. பெரட்டுக் களத்துக்குப் போனேன். காலையில் ஆள் பிரித்து வேலை சொல்லுகிற இடம் அது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் போய் நின்றேன். பக்கத்தில் நின்றவள் என் முழங்காலைப் பார்த்தாள். நான் அவளைத் திருப்பிப் பார்த்தேன், அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை பேர் ஐந்தாம் நம்பர் மலை, இத்தனை பேர் ஆற்றோரம். என் முன்னால் வந்ததும் நின்றார்.

“நீ இங்க எங்க நிக்கிற?”

“மலைக்குத்தாங்க. டீமேக்கர் ஐயா சொன்னாங்க.”

“டீமேக்கர் ஐயாவா? அவருதான் நேத்து மாலையே ஆள் அனுப்பிட்டாரே, ஒன்னை மலையில போடக் கூடாதுன்னு. தகடு வந்தாலும் வராட்டியும் நீ ஸ்டோர்லதானாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார், ஆனால் களம் முழுக்கக் கேட்டது. “அதுக்கு முன்னாடி பங்களாவுக்குப் போகணும். தொர ஒன்னைக் கேட்டிருக்காங்க. அவங்க நாய்க் கூண்டுக்குப் பேர் எழுதணுமாம், பெட்டியில போட்ட அதே மாதிரி எழுத்துல.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கயிற்றைத் தலையில் இருந்து கழற்றவில்லை.

“நாய்க்குப் பேரு எத்தன எழுத்துங்க?”

“எனக்கென்ன தெரியும்? அஞ்சு இருக்கும். ஒனக்குத் தெரிஞ்சது மூணுதானே?”

“பேரத் தாளில போட்டுக் காட்டச் சொல்லுங்க. கம்பி மாதிரி காட்டுனா போடமாட்டேன். பாதம் வச்சுக் காட்டணும்,” என்றேன்.

கூடையை முதுகில் போட்டுக்கொண்டே பங்களாவுக்குப் போனேன். அங்கே ஏற்றம் இருக்கிறது, மெதுவாகத்தான் ஏறினேன். கூண்டு தேக்குப் பலகை, நல்ல வழுவழுப்பு, மையை வாங்கவில்லை. இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது. பழக்கமில்லாத எழுத்து இரண்டில் ஒன்று கொக்கி மாதிரி, மற்றது இரண்டு பேர் கை கோத்து நிற்கிற மாதிரி. அவற்றுக்கும் எங்கே கனம் வரும், எங்கே மயிர்க்கீற்று வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நாயும் நின்றது. பிறகு கோடு போட்டு, பாதம் வைத்து, ஐந்தையும் நிறுத்தினேன். வெட்டோடுதான் போட்டேன். துரைசானியம்மா வந்து பார்த்தார்கள், துரை பார்த்தார், பங்களாவுக்கு வந்த வேறு துரைமாரும் பார்த்தார்கள். அடைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.